கல்சியம் காபனேற்றாக

ஒட்டுசுட்டானுக்கும் நெடுங்கேணிக்கும் இடைப்பட்ட கிராமங்களில் கிணற்றுத் தண்ணீரைப் போத்தலில் பிடித்து ஆய்வுகூடத்துக்கு அனுப்புவது எனது வேலையின் ஒரு பகுதி. போத்தலை அதே கிணற்றுத் தண்ணீரால் மூன்று முறை அலசி, கழுத்துவரை நிரப்பி, மூடியை இறுக்கி, கிணற்றின் இலக்கத்தையும் திகதியையும் எழுதி ஒட்டி, பனிக்கட்டிப் பெட்டிக்குள் அடுக்கிவிட்டால் என் பங்கு முடிந்துவிடும். இரண்டு கிழமைக்குள் ஒரு தாள் திரும்பி வரும். அதில் ஒரு நிரலில் அந்தக் கிணற்றின் அளவுகள் இருக்கும். பக்கத்து நிரலில் குடிநீருக்கு இலங்கைத் தரநிர்ணயம் அனுமதிக்கும் உச்ச அளவுகள் இருக்கும். இரண்டையும் ஒப்பிட்டு, கூடவா குறைவா என்று பார்த்து, வீட்டுக்காரருக்குச் சொல்வேன். எட்டு ஆண்டுகள் அப்படித்தான் சொல்லிக்கொண்டிருந்தேன்.

2023ஆம் ஆண்டு ஆடி மாதத்தில் ஒரு வீட்டு முற்றத்தில், அறுபது வயது மதிக்கத்தக்க ஓர் அம்மா அந்தத் தாளை வாங்கி எட்டப் பிடித்துப் படித்துவிட்டு, ஒரு வரியில் விரலை வைத்தார். “பிள்ளை, இதில கல்சியம் எண்டு கிடக்கு. கல்சியம் எலும்புக்கு நல்லது எண்டுதானே கிளினிக்கில குளிசை தாறவை. பிறகேன் கூடாது எண்டுறியள்?” அவர் தொட்ட வரி இது: மொத்த வன்மை, கல்சியம் காபனேற்றாக, லீற்றருக்கு மில்லிகிராம். வன்மை என்றால் தண்ணீரின் கடினத்தன்மை. அந்த ‘ஆக’ என்ற ஈற்றுக்கு என்ன பொருள் என்று எனக்குத் தெரியாது. தண்ணீருக்குள் அவ்வளவு சுண்ணக்கல் கரைந்து கிடக்கிறது என்றே நான் எண்ணியிருந்தேன். “கேட்டுச் சொல்லுறன் அம்மா” என்று சொல்லிவிட்டு வந்தேன். கேட்கவும் செய்தேன். ஆய்வுகூட உத்தியோகத்தர் தொலைபேசியில் பொறுமையாகத்தான் விளக்கினார். ஆனால் அவர் சொன்ன ஒவ்வொரு சொல்லுக்கும் பின்னால் நான் படிக்காத ஒரு பாடம் இருந்தது.

நான் உயர்தரத்தில் கலைப்பிரிவு. எங்கள் பாடசாலையில் விஞ்ஞானப் பிரிவு இருக்கவில்லை. இருந்திருந்தாலும் 2009 ஆவணியில் செட்டிகுளம் முகாமுக்குள் பரீட்சை எழுதிய ஒருத்திக்கு அது எவ்வளவு உதவியிருக்கும் என்று சொல்ல முடியாது. பதினோராம் ஆண்டு விஞ்ஞானத்தோடு நின்ற அறிவு என்னுடையது. ரொறன்ரோவில் இருக்கும் மச்சாளிடம் இந்த அம்மாவின் கேள்வியைச் சிரிப்புக் கதையாகச் சொன்னேன். அவர் சிரிக்கவில்லை. இரண்டு நாள் கழித்து, அங்குள்ள ஒரு கல்லூரியின் அறிமுக இரசாயனவியல் பாடத்தை இணையவழியில் யாரும் படிக்கலாம் என்றும், கட்டணத்தைத் தான் கட்டிவிட்டதாகவும், ஆகவே இனி மறுக்க இடமில்லை என்றும் செய்தி அனுப்பினார்.

பாடம் செப்டெம்பரில் தொடங்கிப் பதினைந்து வாரம் ஓடியது. ஒவ்வொரு வாரமும் ஒளிப்பதிவு விரிவுரைகள், வாசிப்பு, கணக்குகள், ஒரு சிறு வினாத்தாள், இரண்டு வாரத்துக்கு ஒரு செய்முறை. எல்லாவற்றுக்கும் கெடு ஞாயிறு இரவு 11.59. அவர்களுடைய ஞாயிறு இரவு எனக்குத் திங்கள் காலை 9.29 ஆகும், அதாவது நான் அலுவலகத்தில் வரவுப் புத்தகத்தில் கையொப்பமிட்டு ஒரு மணித்தியாலம் ஆகியிருக்கும். ஆகவே எனது கெடு உண்மையில் திங்கள் விடிகாலை. நவம்பர் முதல் ஞாயிறு அவர்கள் தங்கள் கடிகாரத்தை ஒரு மணித்தியாலம் பின்னுக்குத் தள்ளினார்கள், எனக்கு 10.29 ஆயிற்று. அந்த ஒரு மணித்தியாலத்தால் எனக்கு ஒரு பயனும் இல்லை, ஆனாலும் யாரோ இனாமாகத் தந்தது போல மகிழ்ச்சியாக இருந்தது.

ஒளிப்பதிவுகளை இரவு பன்னிரண்டுக்குப் பின் மலிவாகக் கிடைக்கும் டேட்டாவில் இறக்கிவைத்து, விடியற்காலை நாலு மணிக்கு எழும்பிப் பார்ப்பேன். வீட்டுக்குள் சிக்னல் ஒரு கோடுதான் காட்டும். கிணற்றடிக்குப் போனால் மூன்று கோடு. கணக்குகளைக் கொப்பியில் செய்து, கைத்தொலைபேசியில் படமெடுத்து, கிணற்றுக் கட்டில் ஏறி நின்று அனுப்பிய நாட்கள் பல. பாடநூல் அமெரிக்காவின் ரைஸ் பல்கலைக்கழகம் இலவசமாக வெளியிடும் திறந்த நூல். ஒருமுறை இறக்கிவைத்தால் பிறகு இணையம் தேவையில்லை. வன்னியில் இணையத்தில் படிப்பவர்களுக்கு நான் தரக்கூடிய ஒரே ஆலோசனை இதுதான்: எதை இணையமில்லாமல் படிக்கலாமோ அதை முதலில் தேடி எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

மொழி ஒரு தனிக் கதை. விரிவுரை ஆங்கிலத்தில். விளங்காத இடத்தில் தமிழ் ஒளிப்பதிவுகளைத் தேடினால், வருபவை பெரும்பாலும் தமிழ்நாட்டு ஆசிரியர்களுடையவை; நல்ல ஆசிரியர்கள், ஆனால் அவர்கள் பாடத்தின் பெயரே வேறு. அங்கே வேதியியல், இங்கே இரசாயனவியல். அங்கே எலக்ட்ரான், இங்கே இலத்திரன். அங்கே ஆக்சிஜன், சேர்மம், மோல். இங்கே ஒட்சிசன், சேர்வை, மூல். உயர்தரம் படிக்கும் என் பெறாமகளின் கொப்பிகளை இரவல் வாங்கி வைத்துக்கொண்டு, மூன்று மொழிகளுக்கிடையில் ஓடிக்கொண்டிருந்தேன். அதிலும் எங்கள் சொற்களில் காரத்தன்மையுள்ள பொருளுக்கு ‘மூலம்’ என்று பெயர், அளவுக்கு ‘மூல்’ என்று பெயர். “ஒரு மூல் மூலம்” என்று கொப்பியில் கண்டபோது அது எழுத்துப்பிழை என்றே நினைத்தேன். சலித்துப்போன ஒரு நாள், மானிப்பாயில் மருத்துவம் கற்பித்த சாமுவேல் கிறீன் என்ற அமெரிக்க மிஷன் வைத்தியரின் முயற்சியில் 1875இலேயே ‘கெமிஸ்தம்’ என்ற பெயரில் தமிழில் ஓர் இரசாயன நூல் வெளிவந்தது நினைவுக்கு வந்தது. கெமிஸ்தம் என்ற சொல் நிலைக்கவில்லை. ஆனால் ஏறத்தாழ ஒன்றரை நூற்றாண்டுக்கு முன் யாரோ ஒருவர் யாழ்ப்பாணத்தில் ஒரு சொல்லுக்காக இதேபோலத் தலையைச் சொறிந்திருப்பார் என்பது எனக்கு ஒருவகை ஆறுதலாக இருந்தது.

முதல் மூன்று வாரம் அலகு மாற்றம், பொருளுடைய இலக்கங்கள், அணுவின் அமைப்பு என்று போயிற்று. அவை கடினமானவை அல்ல. நாலாம் வாரம் மூல் வந்தது. அங்கேதான் நான் இரண்டு வாரம் நின்றேன்.

ஒரு மூல் என்பது 6.022 × 10²³ துணிக்கைகள். 2019 வைகாசி முதல் அந்த எண்ணைத் திட்டமாகவே வரையறுத்துவிட்டார்கள். எண்ணைப் பாடமாக்குவது எளிது; அது எதற்கு என்பது விளங்கவில்லை. விளக்கம் கடைசியில் வந்தது விரிவுரையிலிருந்தல்ல, நெல்லிலிருந்து. விதைப்புக்கு முன் விவசாயப் போதனாசிரியர்கள் ஆயிரம் நெல் மணியின் நிறையைக் கேட்பார்கள். நாட்டரிசி நெல்லில் அது ஏறக்குறைய 25 கிராம். சம்பாவில் அதைவிடக் குறைவு. ஆயிரம் மணி 25 கிராம் என்றால் ஒரு கிலோவில் நாற்பதாயிரம் மணி. யாரும் நெல்லை எண்ணுவதில்லை. நிறுக்கிறோம், நிறையிலிருந்து எண்ணிக்கையை எடுக்கிறோம். ஒரே எண்ணிக்கை வேண்டுமானால் நாட்டு நெல்லில் ஒரு நிறை, சம்பாவில் வேறொரு நிறை எடுக்க வேண்டும். அணுவிலும் அதே வேலைதான். காபனில் 12 கிராமும் கல்சியத்தில் 40 கிராமும் எடுத்தால் இரண்டிலும் அணுக்களின் எண்ணிக்கை ஒன்று. அந்த இரவு ஒரு வேண்டாத கணக்கும் போட்டுப் பார்த்தேன்: ஒரு மூல் நெல் மணி வேண்டுமென்றால், உலகம் முழுவதும் இப்போது ஓர் ஆண்டில் விளையும் நெல்லை ஏறத்தாழ இரண்டு கோடி ஆண்டுகள் சேர்க்க வேண்டும். இரணைமடுக் குளம் எத்தனை முறை வற்றி நிரம்ப வேண்டும் என்று யோசித்துவிட்டுத் தூங்கிப்போனேன்.

மூல் விளங்கியதும் தாளில் இருந்த ‘ஆக’ விளங்கியது. தண்ணீரின் வன்மைக்குக் காரணம் பெரும்பாலும் கல்சியம் அயனும் மகனீசியம் அயனும். இரண்டின் நிறையும் வேறு. ஆகவே இத்தனை மில்லிகிராம் இது, இத்தனை மில்லிகிராம் அது என்று கூட்டினால் அந்தக் கூட்டுத்தொகைக்குப் பொருளில்லை. அதனால் இரண்டையும் மூலில் எண்ணிக் கூட்டி, அத்தனையும் கல்சியம் காபனேற்றாக இருந்திருந்தால் எத்தனை மில்லிகிராம் இருந்திருக்கும் என்று எழுதுகிறார்கள். கல்சியம் காபனேற்றின் மூலர்த்திணிவு, அதாவது ஒரு மூலின் நிறை, ஏறத்தாழ 100 கிராம் என்பதால் கணக்கும் வசதியாகிறது: குடிநீருக்கான உச்ச அளவாகிய 250 மில்லிகிராம் என்பது லீற்றருக்கு 2.5 மில்லிமூல். சுண்ணக்கல் தண்ணீரில் அப்படியே மிதப்பதில்லை. அது கணக்குக்காக நாங்கள் பேசும் நாணயம். எட்டு ஆண்டுகளாக நான் வீடு வீடாகக் காவிச் சென்ற ஒரு வரியை முதன்முதலாக வாசித்தது அன்றுதான்.

வாயுக்கள் பற்றிய வாரத்தில் எனக்கு ஓர் உதவியாசிரியர் கிடைத்தார். பெரியப்பா பரந்தன் இரசாயனத் தொழிற்சாலையில் வேலை செய்தவர். ஆனையிறவு உப்பைக் கரைத்து, அந்தக் கரைசலுக்குள் மின்னோட்டத்தைச் செலுத்தி, எரிசோடாவும் குளோரினும் எடுத்த ஆலை அது. 1950களில் தொடங்கி, போரோடு நின்றுபோனது. நான் மடிக்கணினியில் மின்பகுப்புப் படத்தைப் பார்த்துக்கொண்டிருந்தபோது எட்டிப் பார்த்தவர், “உது எங்கட வேலையெல்லே” என்று கதிரையை இழுத்துப் போட்டுக்கொண்டார்.

“சோடா வேணுமெண்டா குளோரினும் வந்தே தீரும், பிள்ளை. ஒண்டை மட்டும் எடுக்கேலாது. சோடாவுக்கு ஆள் நிக்கும், குளோரினுக்கு நிக்காது. எண்டாலும் அதை எங்கயாவது அனுப்பத்தானே வேணும்.”

சமன்பாட்டை எழுதிக் கணக்குப் பார்த்தேன். 117 கிலோ உப்பும் 36 கிலோ தண்ணீரும் போனால் 80 கிலோ எரிசோடா, 71 கிலோ குளோரின், 2 கிலோ ஐதரசன் வரும். இரு பக்கமும் 153. பெரியப்பா மூக்குக்கண்ணாடியை ஏற்றி அந்தத் தாளை நெடுநேரம் பார்த்தார். “இதைத்தான் நான் வாயால சொன்னனான்” என்றார்.

அவருக்கு இன்னொரு விதியும் தெரிந்திருந்தது. குளோரின் கசிந்தால் குந்தவோ படுக்கவோ கூடாது, காற்று வரும் திசைக்குக் குறுக்காக மேட்டுப் பக்கம் ஓட வேண்டும். புகை பிடித்தால் தரையோடு ஊர வேண்டும் என்றுதானே எங்களுக்குச் சொல்லித்தந்தார்கள், இது ஏன் மறுதலை என்று கேட்டேன். “அது பாரமான சாமான். பள்ளத்தில போய்க் குந்தும்” என்றார். ஒரே வெப்பநிலையிலும் அமுக்கத்திலும் சம கனவளவு வாயுக்களில் மூலக்கூறுகளின் எண்ணிக்கை சமம் என்று அவகாதரோ 1811இல் சொன்னதை அந்த வாரம்தான் படித்திருந்தேன். அப்படியானால் வாயுவின் அடர்த்தி மூலர்த்திணிவோடு ஏறும். குளோரினுக்கு 71, காற்றுக்குச் சராசரி 29. ஏறக்குறைய இரண்டரை மடங்கு பாரம். பெரியப்பா அதை மூக்கால் படித்தவர். அந்த மணத்தை விவரிக்கச் சொன்னபோது அவர் கையை விரித்து, தொண்டையைத் தொட்டுக் காட்டிவிட்டு, பேசாமல் எழும்பிப் போனார்.

சத்திச்சொட்டு (குவாண்டம்) எண்களைப் பற்றிய வாரத்தைப் பற்றிச் சொல்ல எனக்கு அதிகமில்லை. பாடமாக்கினேன், எழுதினேன், மறந்தேன்.

செய்முறைகளில்தான் இணையப் படிப்பின் உண்மை முகம் தெரியும். எங்கள் செய்முறைகளில் பாதி திரையில் நடந்தவை. கொலராடோப் பல்கலைக்கழகத்தில் 2002இல் தொடங்கிய பெற் (PhET) என்ற திட்டத்தின் பாவனைப் படங்கள், அவற்றில் பல தமிழிலும் கிடைக்கின்றன, அணு கட்டவும் சமன்பாடு சமப்படுத்தவும் மிக நல்லவை. கையால் செய்து பார்க்கவே முடியாத ஒன்றைக் காட்டுவதற்குத் திரையை விடச் சிறந்த கருவி இல்லை என்பது என் எண்ணம். ஆனால் நியமிப்பை, அதாவது ஒரு கரைசலைத் துளித்துளியாக விட்டு இன்னொன்றில் உள்ளதை அளப்பதை, திரையில் செய்வது வேறு. சுண்டெலியால் ஒரு திருகை இழுத்தால் துளி விழுகிறது. நிறம் ஒரே கணத்தில் மாறுகிறது. துளி விடும் கோடிட்ட குழாயான அளவி தானே வாசிப்பைச் சொல்கிறது. மூன்று முறை செய்தேன், மூன்று முறையும் ஒரே விடை. அப்படி ஒரே விடை வந்தால் அதில் எங்கோ பொய் இருக்கிறது என்று நினைக்கும் அளவுக்கு எனக்கு அப்போது அனுபவம் போதாது.

மற்றப் பாதி வீட்டுச் செய்முறை. அமிலத்திலும் மூலத்திலும் நிறம் மாறிக் காட்டும் அமில மூலக் காட்டிக்குச் செங்கோவாவை அவித்துச் சாறெடுக்கச் சொன்னார்கள். அது கிளிநொச்சிச் சந்தைக்கு எப்போதாவதுதான் வரும். ஆசிரியருக்கு எழுதி அனுமதி பெற்று, வேலியில் நின்ற செவ்வரத்தம் பூவை அவித்தேன். தேசிக்காய்ச் சாற்றில் அழுத்தமான சிவப்பு, சவர்க்காரத் தண்ணீரில் பச்சை. கூடவே ஆலாத்தித் தண்ணீரையும் படமெடுத்து அனுப்பினேன். மஞ்சளில் சுண்ணாம்பு கலந்தால் சிவக்கும் என்பது எங்கள் வீடுகளில் பிள்ளைகளுக்கும் தெரியும். அதில் தேசிக்காயைப் பிழிந்தால் மீண்டும் மஞ்சளாகும் என்பதை நான் முப்பத்துமூன்று வயதுவரை செய்து பார்த்ததில்லை. அம்மா, “ஆலாத்தியைக் கெடுக்காதை” என்று ஏசினார்.

கேத்தலின் அடியில் பிடிக்கும் வெள்ளைக் கட்டியும் ஒரு செய்முறையாயிற்று. கரைந்திருக்கும் கல்சியம் இருகாபனேற்று கொதிக்கும்போது பிரிந்து காபனேற்றாக அடியில் படிகிறது. வினாகிரி விட்டால் நுரைத்துக் கரைகிறது. ஆகவே கொதிக்கவைத்தால் வன்மையின் ஒரு பகுதி போகும், எல்லாம் போகாது. தேற்றாங்கொட்டையைப் பானையில் உரைத்தால் கலங்கல் தெளியுமே, வன்மையும் போகுமா என்று பலர் என்னிடம் கேட்டிருக்கிறார்கள். போகாது. தேற்றாங்கொட்டை தண்ணீரில் மிதக்கும் நுண்மண்ணைத் திரளவைத்து அடியில் இருத்தும். கரைந்துவிட்ட அயன் அதற்கு அகப்படாது. தெளிந்த தண்ணீரும் நல்ல தண்ணீரும் ஒன்றல்ல என்பதை நான் முன்பும் சொல்லியிருக்கிறேன், ஆனால் ஏன் என்று இப்போதுதான் சொல்ல முடிந்தது.

பரீட்சைகளைப் பற்றி எனக்கு ஒரு மனக்குறை உண்டு. மடிக்கணினியின் கமெரா முழு நேரமும் முகத்தைப் பார்த்துக்கொண்டிருக்கும். கண் திரையை விட்டு விலகினால் ஒரு மென்பொருள் அதைக் குறித்துவைக்கும். இடைத்தேர்வில் நான் ஒரு விடையைத் தெரிவுசெய்த அதே கணத்தில் சுவரில் பல்லி சொன்னது. எந்தத் தமிழ்ப் பெண்ணும் செய்வதைப் போல நானும் எந்தத் திசை என்று நிமிர்ந்து பார்த்தேன். ‘ஐயத்துக்குரிய அசைவு’ என்று மின்னஞ்சல் வந்தது. பல்லி சாத்திரத்தை ஆங்கிலத்தில் விளக்கி நான் எழுதிய பதில்தான் அந்தப் பாடத்தில் நான் எழுதிய மிகக் கடினமான கட்டுரை. இறுதித் தேர்வு மார்கழியில், தகரத்தில் மழை கொட்டிய இரவில் நடந்தது. மின்சாரம் இரண்டு முறை போனது. கைத்தொலைபேசி இணைப்பில் முடித்தேன். இரண்டாந்தரச் சித்தி கிடைத்தது. மச்சாளுக்கு அது போதவில்லை. எனக்குப் போதும்.

தை மாதம் போத்தல்களை நானே ஆய்வுகூடத்துக்குக் கொண்டுபோனேன். முன்பு தொலைபேசியில் விளக்கிய உத்தியோகத்தர், நான் படித்ததைக் கேட்டுவிட்டு, “அப்ப வாங்கோ, ஒண்டைச் செய்து பாருங்கோ” என்று அளவியைக் காட்டினார். அந்த அம்மாவின் கிணற்றுப் போத்தலையே எடுத்தேன். குழாயியால் 50 மில்லிலீற்றர். அமில மூல நிலையை மாறாமல் வைத்திருக்கும் அமோனியாத் தாங்கற் கரைசல். காட்டியில் ஒரு சிட்டிகை. கரைசல் திராட்சைச் சிவப்பாயிற்று. அமோனியாவின் மணம் மூக்கில் ஏறிக் கண் கலங்கியபோது பெரியப்பா தொண்டையைத் தொட்டுக் காட்டியது நினைவுக்கு வந்தது. திரையில் இது எதுவும் இருக்கவில்லை. அளவியிலிருந்து, கல்சியத்தையும் மகனீசியத்தையும் பிடித்துக்கொள்ளும் ஈ.டி.ரி.ஏ. கரைசலைத் துளித்துளியாக விட்டேன். சிவப்பு உடனே நீலமாகவில்லை; ஊதாவில் நின்று தயங்கியது. பொறுமையிழந்து ஒரு சிறு ஓட்டம் விட்டேன், கடந்துவிட்டது. “ஊதாவில நிண்டு மூச்சு விடவேணும்” என்றார் அவர். இரண்டாம் முறை 20.6, மூன்றாம் முறை 20.65, நாலாம் முறை 20.6. ஒரு துளி லீற்றருக்கு ஒரு மில்லிகிராமை மாற்றிவிடும் என்பதைக் கை அறிந்தது அப்போதுதான். லீற்றருக்கு 0.01 மூல் கொண்ட கரைசல் 20.6 மில்லிலீற்றர், தண்ணீர் 50 மில்லிலீற்றர், ஆகவே லீற்றருக்கு 4.12 மில்லிமூல், கல்சியம் காபனேற்றாக 412 மில்லிகிராம்.

அடுத்த கிழமை தாளைக் கொண்டுபோய் அந்த அம்மாவின் திண்ணையில் இருந்து, கல்சியம் காபனேற்று ஏன் கணக்குக்காக எழுதப்படுகிறது, குளிசையிலுள்ள கல்சியத்துக்கும் இதற்கும் உள்ள உறவு என்ன, 250க்கு மேல் என்றால் தண்ணீர் நஞ்சு என்று பொருளல்ல என்பதையெல்லாம் படிப்படியாகச் சொன்னேன். வவுனியாப் பக்கம் சிறுநீரக நோயால் ஆட்கள் படும் பாட்டை எல்லாரும் கேள்விப்பட்டிருப்பதால், தண்ணீர்த் தாள் என்றாலே இங்கு ஒரு பயம் உண்டு; அந்த நோயின் காரணம் இன்னும் தீர நிறுவப்படவில்லை என்பதையும் சொன்னேன். அவர் இடையில் பேசாமல் கேட்டார்.

“நானூற்றிப் பன்னிரண்டு” என்றேன்.

“அது எனக்குத் தெரியும் பிள்ளை” என்றார். “இந்தத் தண்ணியில பருப்பு அவியாது. பருப்புக்கு நான் மழைத் தண்ணி பிடிச்சு வைக்கிறனான்.”

பருப்பின் கலச்சுவரில் உள்ள பெக்டின் என்ற பசைப்பொருளைக் கல்சியம் இறுக்கிப் பிடிப்பதால்தான் அப்படி என்று சொல்ல வாயெடுத்தேன். அவர் அதற்குள் எழும்பி அடுத்த கேள்வியைக் கேட்டுவிட்டார்: பல்லில் கறை விழுகிறதே, அதுவும் இந்த வன்மையாலா? இல்லை, அது புளோரைட்டாக இருக்கலாம். அதற்கு உச்ச அளவு லீற்றருக்கு 1 மில்லிகிராம். இந்த நியமிப்பில் அது தெரியாது, வேறு சோதனை வேண்டும் என்றேன். பையிலிருந்து ஒரு வெற்றுப் போத்தலை எடுத்துக்கொண்டு, அவருக்குப் பின்னால் கிணற்றடிக்குப் போனேன்.